கொல்லைப்புறக் கோழிக்கூடு: எதில் காசு மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கொல்லைக்காரன்:
வணக்கம். ஆறு பெட்டைக்கோழி வளர்க்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன். சேவல் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் எனக்கும் முக்கியம்.

கூடு கட்டித்தர தச்சரிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு இந்த ஆறும் ஆயுள் முழுக்க முட்டை போட்டாலும் கடன் தீராது. கடையில் விற்கிற ரெடிமேட் கூண்டையும் போய்ப் பார்த்தேன். அட்டையில் ‘ஆறு கோழிக்கு’ என்று போட்டிருக்கிறது. படத்தில் இருப்பவை குஞ்சுகளாகத்தான் இருக்கவேண்டும். கதவை இழுத்தால் சட்டம் முழுக்க ஆடுகிறது. சரி, நாமே கட்டுவோம் என்று இறங்கிவிட்டேன்.

கையில் இருப்பவை: சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகள் கொஞ்சம், பழைய தகர ஷீட் நாலு, ஒரு பழைய மரக்கதவு, ரம்பம், டிரில். தச்சு அனுபவம் என்றால் ஒரு புத்தக அலமாரி செய்திருக்கிறேன், இன்னும் நிற்கிறது. எவ்வளவு பெரிதாகக் கட்டவேண்டும்? எந்த வலை வாங்குவது? தரையோடு கட்டுவதா, கால் வைத்துத் தூக்கிக் கட்டுவதா? முக்கியமாக, எதில் காசைக் குறைக்கலாம்?

ரம்பம்:
முதலில் அளவு. கோழி வெளியே உலாவ அடைப்பு ஒன்று இருந்தால், படுக்கும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி. அடைப்பில் ஒரு கோழிக்கு 8 முதல் 10 சதுர அடி. குட்டை ரகம் என்றால் குறைத்துக்கொள்ளலாம். ஆறுக்குக் கூடு 24, அடைப்பு 60 சதுர அடி வருகிறது. அதாவது 6க்கு 4 கூடு, 10க்கு 6 அடைப்பு. இதற்குக் கீழே போனால் மிச்சமாகும் காசு வேறு வழியில் போய்விடும். நெருக்கத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு.

இரண்டாவது, படம் போட்டுவிட்டுப் பொருள் வாங்கப் போகாதீர்கள். கடையில் என்ன அளவில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து படம் போடுங்கள். வலை பெரும்பாலும் 3 அடி, 4 அடி அகலச் சுருளாக வரும். பிளைவுட் 8க்கு 4. உங்கள் சுவர் 4 அடி 3 அங்குலம் என்றால் அந்த 3 அங்குலத்துக்காக இன்னொரு துண்டு வலை, அதைப் பொருத்த இன்னொரு சட்டம், கூடுதல் திருகு. எல்லாவற்றையும் 2 அடியின் மடங்கில் வைத்தால் கழிவு வெகுவாகக் குறையும். நான் பார்த்த அளவில், வீட்டுக்கூடு கட்டுபவர்கள் அதிகம் வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

இராக்காவல்:
‘எந்த வலை’ என்பதை யாராவது தொடுவார்கள் என்று காத்திருந்தேன், யாரும் தொடவில்லை. நானே சொல்கிறேன்.

கோழிவலை என்ற பெயரில் விற்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியில் இருப்பதை வெளியே நிறுத்தாது. மெல்லிய கம்பியை முறுக்கி விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். நாய் ஒன்று முன்காலை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். துரு ஏறினால் பூனைக்கே வழி கிடைக்கும். கண்ணி அகலமானால் விரல் நுழைகிற இடத்தில் பூனையின் கால் நுழையும். ராத்திரி வலையை ஒட்டித் தூங்குகிற கோழியின் காலையோ தலையையோ வெளியிலிருந்தே பிடித்து இழுத்துவிடும். காலையில் பார்த்தால் கூடு பூட்டியபடி இருக்கும், கோழி மட்டும் பாதிதான் இருக்கும்.

வாங்கவேண்டியது அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை. அதில் கீரி, மரநாய், வளர்ந்த எலி எதுவும் நுழையாது, பெரிய பாம்பும் நுழையாது. சுண்டெலி நுழையலாம், அது தீவனத்துக்கு வருகிற திருடன், கோழியைத் தொடாது. வாங்கும்போது, பற்றவைத்த பிறகு துத்தநாக முலாம் பூசியதா, முலாம் பூசிய கம்பியைப் பற்றவைத்ததா என்று கேளுங்கள். முதல் வகை விலை கூடுதல், ஆனால் ஒட்டுகளில் துரு பிடிக்காமல் பல மடங்கு காலம் உழைக்கும். கம்பிகள் சேருமிடத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். முலாம் மெழுகு வழிந்தாற்போல் ஒட்டை மூடியிருந்தால் அது முதல் வகை. ஒட்டுப்புள்ளி கறுத்துத் தெரிந்தால் இரண்டாவது.

அடுத்தது பொருத்துவது. ஸ்டேப்ளர் துப்பாக்கியால் பின் அடித்து முடித்துவிடாதீர்கள். அது வலையைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ள மட்டும். திருகும் அகலமான வாஷரும் போட்டு, 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒன்று வீதம் முடுக்குங்கள். அல்லது வலை விளிம்பின் மேல் ஒரு ரீப்பரை (மெல்லிய மரப்பட்டியை) வைத்துச் சட்டத்தோடு சேர்த்துத் திருகிவிடுங்கள். கையால் பிடித்துத் தொங்கினாலும் வரக்கூடாது.

சிக்கனம்:
இராக்காவல் அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கூடு, அடைப்பு இரண்டையும் சுற்றி, மேலேயும் அரை அங்குல வெல்டு மெஷ் என்றால் தச்சர் கேட்ட தொகையை வலைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம். தலைப்பே குறைந்த செலவுக்குத்தான்.

படுக்கும் கூட்டை மட்டும் முழுக்க அரை அங்குலத்தில் கோட்டை மாதிரி கட்டுங்கள். பகலில் மட்டும் கோழி இருக்கும் அடைப்புக்குக் கீழே 2 அடி வரை அரை அங்குலம், அதற்கு மேலே அகலக் கண்ணி வலை போதும். தலைக்கு மேலே பருந்துக்காகப் பழைய மீன்வலை இருந்தால் கட்டிவிடலாம். பொழுது சாய்ந்ததும் கோழி தானாக உள்ளே போகும், நாம் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது.

இராக்காவல்:
‘நாம் கதவைச் சாத்தினால்’ என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமாகும், மழை பிடிக்கும், ‘நீ சாத்தினாய் என்று நினைத்தேன்’ என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு நடக்கும். வேட்டைக்கு வருவதற்கு அந்த ஒரு ராத்திரி போதும். தினமும் இருட்டுவதற்குள் யாராவது ஒருவர் கட்டாயம் வீட்டில் இருப்பார் என்றால் உங்கள் முறை நல்ல முறைதான், செலவு பாதியாகும். இல்லையென்றால் அடைப்பையும் கெட்டியாகக் கட்டி, உள்கதவைத் திறந்தே விட்டுவிடுங்கள். கொல்லைக்காரன் தன் வீட்டு நடப்பைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

சிக்கனம்:
ஒத்துக்கொள்கிறேன். இது வலை பற்றிய கேள்வி இல்லை, வீட்டில் யார் இருக்கிறார் என்ற கேள்வி.

கொல்லைக்காரன்:
எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் இருப்பார், ஆனால் அவருக்கு முழங்கால் வலி. குனிந்து தாழ்ப்பாள் போடச் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். பேலட்டுகள் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

பழம்பலகை:
பேலட் என் பேட்டை. பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கும், தேடுங்கள். கோதுமைக்கதிர் படம் ஒன்றும் அதன் பக்கத்தில் எழுத்துகளும். ‘ஹெச்டி’ (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, கூட்டுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால், அதில் என்ன ஏற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. விட்டுவிடுங்கள். எரிக்கவும் வேண்டாம். அதே மாதிரி பழைய ரயில் தண்டவாளக் கட்டை இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள், அதில் ஊறியிருப்பது கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய்.

பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்க மல்லுக்கட்டினால் பலகை பிளக்கும். பலகைக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள். தலை பலகையிலேயே தங்கிவிடும், அது அழகாகத்தான் இருக்கும். பலகைகளைச் சுவருக்கு வையுங்கள். குறுக்குக் கட்டைகள் குட்டைச் சட்டங்களுக்கு ஆகும். மூலைத்தூணுக்கு மட்டும் புது மரம் வாங்குங்கள், நாலே நாலு. தூண் நேராக இருந்தால் மீதி எல்லாம் அதைப் பார்த்து நேராகிவிடும்.

அந்த மரக்கதவு எவ்வளவு பழையது? பல அடுக்குப் பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் அடியில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். கோழி எதையும் கொத்தும். உரிகிற கதவென்றால் கூட்டுக்கு வேண்டாம்.

சுண்ணாம்பு:
பேலட்டுக்கு ஒரு எச்சரிக்கை நான் சேர்க்கிறேன். இடுக்கு. இரண்டு பலகை ஒன்றன்மேல் ஒன்று படிகிற ஒவ்வொரு இடமும் சிவப்பு உண்ணிக்கு வீடு. அது பகலில் கோழிமேல் இருக்காது, இடுக்கில் ஒளிந்திருக்கும். ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். கொண்டை வெளிறிப்போகும், முட்டை குறையும், கோழி கூட்டுக்குள் போக மறுக்கும்.

சந்தேகம் வந்தால் இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்பாக ஈஷினால் உண்ணிதான்.

கட்டும்போதே செய்யவேண்டியது: உட்காரும் கம்பை ஆணி அடித்து நிரந்தரமாக்காதீர்கள். சுவரில் யு வடிவக் கட்டையைத் திருகி, அதில் கம்பைச் சும்மா உட்காரவையுங்கள். கழற்றிக் கழுவி வெயிலில் போடலாம். கம்பின் இரு முனையும் சுவரைத் தொடும் இடம்தான் உண்ணிக்குப் பிடித்தமான மூலை. உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள், நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கரைத்தது. முதல் பூச்சில் தண்ணியாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இடுக்கெல்லாம் நிரம்புகிற மாதிரி இரண்டு கை அடிக்கவேண்டும். பெயிண்டைவிட எவ்வளவோ மலிவு, உள்ளே வெளிச்சமும் கூடும். சுண்ணாம்பைக் கரைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

தகரக்கூரை:
தகரத்தைப் பற்றிப் பேசாமல் எல்லோரும் மரத்தையே பேசுகிறீர்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடே 41 டிகிரி சொச்சம். வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். வெயிலில் காய்கிற தகரத்துக்குக் கீழே காற்றில்லாத பெட்டி என்றால் அது கூடில்லை, அடுப்பு.

என் பக்கம் வெயில் அதிகம், அதனால் நான் சொல்வது: நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடவேண்டும், அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவரில்தான் அடிக்கும். அந்த இரண்டை மட்டும் பலகையால் மூடுங்கள். நீளச்சுவர்களில் மேல்பாதி முழுக்க வலையாகவே இருக்கட்டும். அங்கே பலகையும் மிச்சம். தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். அடியில் தெர்மாகோல் ஒட்டுவதென்றால் அதை ஒரு மெல்லிய பலகையால் மூடியே ஆகவேண்டும், கோழிக்குத் தெர்மாகோல் என்றால் உயிர், கொத்தித் தின்றே தீர்த்துவிடும்.

பனிமூட்டம்:
எங்கள் பக்கம் குளிரில் தண்ணீர் உறையும். இருந்தாலும் தகரக்கூரை சொன்னதில் பாதியை நானும் சொல்வேன். குளிர் என்று பயந்து ஓட்டை இல்லாமல் அடைத்துவிடுவதுதான் இங்கே பலரும் செய்வது. கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. ஆறு கோழி ராத்திரி முழுக்க மூச்சுவிட்டு எச்சமும் போட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோர்த்து அவற்றின் மேலேயே சொட்டும். உறைபனியில் கொண்டை கறுப்பது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான்.

காற்றுவழி வேண்டும், ஆனால் அது கோழி உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கு மேலே இருக்கவேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு நீளச்சுவரிலும் ஓரடி உயரத்துக்கு வலை விட்டால், 6 அடிக் கூட்டில் 12 சதுர அடி கிடைக்கும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்கு இரு மடங்கு. கூரையை ஓரடி வெளியே நீட்டிவிட்டால் சாரல் அடிக்காது.

போதுமா என்று பார்க்க ஒரு வழி: விடிந்ததும் கதவைத் திறந்து, கோழி உட்காரும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அது அமோனியா. கோழி விடிய விடிய அதைத்தான் சுவாசித்திருக்கிறது.

கொல்லைக்காரன்:
எங்களுக்கு வெயில்தான் பிரச்சனை, தகரக்கூரை சொன்னபடியே செய்கிறேன். தரையா, காலா என்பதுதான் பாக்கி. பார்த்த படங்களில் எல்லாம் நாலு காலில் நிற்கிற அழகான குட்டி வீடு, ஏணி, ஜன்னல்...

ரம்பம்:
படத்தில் அழகாக இருக்கும். நாலு காலில் நிறுத்தினால் தளம் வேண்டும், தளத்தைத் தாங்கச் சட்டம் வேண்டும், ஏறிவரப் பலகை வேண்டும். மரச்செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறும். நன்மை இல்லாமல் இல்லை. மழைத்தண்ணீர் தேங்குகிற மண் என்றால் அதுதான் வழி, கீழே கோழிக்கு நிழலும் கிடைக்கும். ஆனால் தூக்கினால் ஒன்றரை, இரண்டடியாவது தூக்குங்கள். ஆறு அங்குலம் தூக்கினால் அடியில் எலிதான் குடித்தனம் நடத்தும்.

முட்டைக்கூடை:
நான் தரைக் கட்சி. ஆள் நிமிர்ந்து உள்ளே நுழைகிற உயரத்துக்குக் கட்டுங்கள், முன்பக்கம் ஆறரை அடி, பின்பக்கம் ஐந்தரை. குட்டி வீட்டைச் சுத்தம் செய்யத் தோள் வரை கையை விட்டுத் துழாவவேண்டும். மூலையில் செத்துக்கிடக்கும் எலி தெரியாது, நோய்வாய்ப்பட்டு ஒதுங்கியிருக்கும் கோழி தெரியாது. முதல் மாதம் ஆசையாகச் செய்வோம், அப்புறம் ஒத்திப்போடுவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கப்புறம் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில், முட்டைப்பெட்டியின் மூடி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. அவர் கூட்டுக்குள் நுழையாமலே முட்டை எடுக்கலாம்.

இராக்காவல்:
தரையில் கட்டினால் தோண்டி வருவதைத் தடுக்கவேண்டும். ஓரடி பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கச் சொல்வார்கள், முதுகு உடையும், மண்ணுக்குள் வலையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சுலபமான வழி: சுவரின் அடியில் இருந்து வலையை வெளிப்பக்கமாக மடித்து, தரையோடு ஒன்றரை இரண்டடி விரித்து, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடுங்கள். புல் முளைத்து மூடிக்கொள்ளும். தோண்ட வருகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். அங்கே கம்பி தட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்குமே தவிர, இரண்டடி பின்னால் போய் ஆரம்பிக்கலாம் என்று அதற்குத் தோன்றாது.

தாழ்ப்பாள் பற்றி: வெறும் கொக்கியும் வளையமும் போடாதீர்கள், தள்ளினாலே எழும்பிவிடும். கொண்டியைப் போட்டு அதன் துளையில் ஸ்ப்ரிங் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்தால் கதவின் மூலை வளையாது. கீழே உள்ளதை வாரத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதும், அம்மாவுக்கு மேலே உள்ளது மட்டும்.

முட்டைக்கூடை:
உள்ளே வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, சட்டென்று சொல்லிவிடுகிறேன். உட்காரும் கம்பு ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம், ஆறுக்கு 5 அடி. இரண்டங்குலத்துக்குக் குறையாத அகலம், விளிம்பை இழைத்து மழுக்கியது. வழுவழு இரும்புப் பைப் வேண்டாம். உயரம் இரண்டரை அடி போதும், சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி. இரண்டு கம்பு போட்டால் ஒரே உயரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரிசைக்குத் தினமும் சண்டை.

முட்டைப்பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். கோழி எப்போதும் கிடைக்கிற உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரமானால் பெட்டிக்குள் தூங்கி, அங்கேயே எச்சம் போட்டு, மறுநாள் முட்டை அதில் உருளும். ஓரடிக்கு ஓரடி, ஆறு கோழிக்கு இரண்டு பெட்டி. இரண்டு வைத்தாலும் ஆறும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். புதுப்பலகை வாங்கவேண்டாம், பழைய பிளாஸ்டிக் கூடை, வாளி எதுவானாலும் சரி. மிச்சம் பிடிப்பதற்கு ஏற்ற இடம் இதுதான்.

பழம்பலகை:
என் உறவினர் ஒருவர் பழைய துணி அலமாரியையே படுக்கவைத்துக் கூடாக்கிவிட்டார். கதவு இரண்டும் மேல்மூடி, இழுப்பறைகள் முட்டைப்பெட்டி. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கோழிகள் சொகுசாக இருந்தன. மரத்தூள் அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் மட்டும் முயலாதீர்கள், முதல் மழையிலேயே பிஸ்கட் மாதிரி ஊறி உதிரும்.

சுண்ணாம்பு:
தரைக்கு என்ன போடுவது என்பதையும் முடிவு செய்யுங்கள், அதைப் பொறுத்துத்தான் கதவின் அடி உயரம். ஆழப்படுக்கை முறை என்றால் மரச்சீவலோ உமியோ காய்ந்த இலையோ நாலு முதல் ஆறு அங்குலம் போட்டு, அடிக்கடி கிளறிவிட்டு, மேலே மேலே போட்டுக்கொண்டே போகலாம். தானியத்தைக் கொஞ்சம் தூவிவிட்டால் கிளறும் வேலையைக் கோழியே பார்த்துக்கொள்ளும். நைசான மரத்தூள் வேண்டாம், தூசு பறந்து மூச்சுக்கோளாறு வரும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாகப் பிடித்தபடி நின்றால் ஈரம் அதிகம், புதிதாக உலர்ந்ததைக் கலந்துவிடவேண்டும். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி.

கோழி எச்சத்தில் பெரும்பங்கு ராத்திரி கம்பின் அடியில்தான் விழும். கம்புக்குக் கீழே ஒரு பலகையைத் தட்டு மாதிரி பொருத்தி, காலையில் ஒரு சுரண்டியால் வழித்து உரக்குழியில் போட்டுவிட்டால் படுக்கை மாதக்கணக்கில் தாங்கும். இதற்குப் பேலட் பலகை வேண்டாம், இடுக்கில்லாத ஒரே பலகையாக இருக்கட்டும்.

கொல்லைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. படத்தை முழுக்க மாற்றிவிட்டேன். தரையில் இரண்டு வரிசைச் செங்கல், அதன்மேல் 6க்கு 4 கூடு, நிமிர்ந்து நுழைகிற உயரம். மேல்பாதி வலை. அடைப்பு 10க்கு 6, சிக்கனம் சொன்ன கலப்பு வலை. அம்மா கதவைச் சாத்திக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கதவு பெயிண்ட் உரிகிறது, அதனால் அதை விட்டுவிட்டேன். பேலட்டில் இரண்டு ‘எம்பி’, மீதி ‘ஹெச்டி’. கட்ட ஆரம்பிக்கிறேன். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் இப்போதே சொல்லுங்கள்.

ரம்பம்:
கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று எழுதவில்லையே. உள்பக்கம் திறந்தால் ஆறங்குலப் படுக்கை தடுக்கும். வெளிப்பக்கம் திறக்கவையுங்கள், வாசலின் அடியில் எட்டங்குலப் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து, கதவு அதற்கு மேலே ஆரம்பிக்கட்டும். பலகையைத் திருகிவிடாமல் காடியில் செருகிவிட்டால், படுக்கையைத் தள்ளிக் கொட்டும் நாளில் உருவி எடுக்கலாம், அம்மாவும் தாண்டவேண்டியிருக்காது.

கால்நடை_நண்பன்:
வலை வெட்டும்போது ஒன்று கவனியுங்கள். அரையங்குல வலையை வெட்டினால் நகக்கண் அளவுக் கம்பித்துண்டுகள் நூற்றுக்கணக்கில் தெறிக்கும். மின்னுவதைக் கோழி விடாது, கொத்தி விழுங்கிவிடும். அது இரைப்பையைக் குத்தலாம், முலாமில் உள்ள துத்தநாகம் விஷமாகவும் ஆகலாம். வலையைக் கூட்டருகில் வெட்டாமல், தள்ளி ஒரு பழைய துணி விரித்து அதன்மேல் வெட்டுங்கள். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்குமே, அது போதும். வெட்டிய விளிம்பு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ரீப்பருக்கு அடியில் மறைத்துவிடுங்கள்.

கொல்லைக்காரன்:
கட்டி முடித்தாயிற்று, கோழிகளும் வந்துவிட்டன. செலவுக் கணக்கு கேட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், எல்லோருக்குமே சொல்கிறேன். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வலைக்கே போயிற்று. அதற்கடுத்தது, நம்பமாட்டீர்கள், திருகும் வாஷரும் கீலும் கொண்டியும். மரத்தைவிட அதிகம்! பிறகு நாலு தூண். தகரம், சுவர்ப்பலகை, முட்டைப்பெட்டி எதற்கும் காசு போகவில்லை. சுண்ணாம்புக்கு ஆனது கணக்கில் எழுதுகிற அளவுக்கு இல்லை.

காந்தம் இழுத்த யோசனைக்குத் தனி நன்றி. துணி விரித்து வெட்டியும் ஒரு கைப்பிடிக் கம்பி அகப்பட்டது.

இப்போது பிரச்சனை வேறு. சாயங்காலம் ஆனால் ஆறும் அடைப்பின் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒண்டிக்கொள்கின்றன. கூட்டுக்குள் போவதில்லை. அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே போட முடியவில்லை.

முட்டைக்கூடை:
அவற்றுக்கு இன்னும் அது வீடு என்று தெரியாது. சில நாள் அடைப்புக் கதவைத் திறக்காமல் கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், தீவனம், தண்ணீர் எல்லாம் உள்ளே. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, உங்கள் மேல்பாதி வலை என்பதால் புழுங்காது. அப்புறம் சாயங்காலம் கொஞ்சம் முன்னால் திறந்துவிட்டால் பொழுது இறங்கியதும் தானே திரும்பும். அப்படியும் ஒன்றிரண்டு வெளியே நின்றால் உள்ளே சின்ன விளக்கு ஒன்றைச் சிறிது நேரம் எரியவிடுங்கள். இருட்டான ஓட்டைக்குள் நுழையக் கோழி தயங்கும்.

கொல்லைக்காரன்:
அப்படியே செய்கிறேன். ஒரு துண்டு வலை மிஞ்சியிருக்கிறது, இரண்டடிக்கு இரண்டடி இருக்கும். தூக்கிப்போட மனசில்லை.

சுண்ணாம்பு:
போடாதீர்கள். ரீப்பரில் ஒரு சதுரச் சட்டம் செய்து அதன்மேல் அந்த வலையை இழுத்துத் திருகி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வையுங்கள். வெட்டு விளிம்பு சட்டத்துக்கு அடியில் போகட்டும். கோழி குடிக்கும்போது சிந்துவது வலை வழியாகக் கீழே ஒரு தட்டில் விழும், படுக்கை நனையாது. ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் காலத்தில் அதன் இரட்டிப்பு, அதனால் ஆறுக்கு மூன்று லிட்டர் பிடிக்கிற பாத்திரமாக வாங்குங்கள். விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் குப்பையைக் கிளறி உள்ளே தள்ளாது.